நியூசிலாந்துக்குப் போகிறீர்களா? காலி நாளிலிருந்து தொடங்குங்கள்

நியூசிலாந்துப் பயணம் என்றதும் பலரும் முதலில் எழுதுவது ஊர்ப் பட்டியல். சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. இன்று எங்கே போகலாம் என்பதை அந்த நாட்டில் பெரும்பாலும் மேகம்தான் முடிவுசெய்கிறது. ஆகவே காலி நாட்களை முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தில் ஊர்களை நிரப்புங்கள். விசா, டிக்கெட் வேலைகள் எல்லா நாட்டுக்கும் உள்ளவைதான். மலைநடைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை, பனிச்சறுக்குக்கு ஜூலை, ஆகஸ்ட். கையில் பத்து இரவுகள்தான் என்றால் தெற்குத் தீவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவு செலவழித்துப் போய் பாதி நாட்டை மட்டும் பார்ப்பதா என்று கேட்கலாம். வடக்குத் தீவின் வெலிங்டனிலிருந்து தெற்குத் தீவின் பிக்டனுக்குக் கப்பலில் கடக்கவே சுமார் மூன்றரை மணி நேரம். விமானத்தில் தாண்டினாலும் காரை ஒப்படைத்து, இன்னொன்று எடுத்து, ஊர் சேர்வதற்குள் அரை நாள் கரைந்துவிடும். இரண்டு தீவு என்றால் காலி நாளுக்கு இடமே இருக்காது.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேலைக்காற்று தெற்கு ஆல்ப்ஸில் மோதி மேற்குப் பக்கம் முழுவதும் மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடற்கழியில் ஆண்டுக்குச் சுமார் 6,800 மில்லிமீட்டர் மழை. மழைமறைவில் இருக்கும் குவீன்ஸ்டவுனில் சராசரி ஆயிரத்தைக்கூடத் தொடுவதில்லை. குவீன்ஸ்டவுன் வெயிலை நம்பி மில்ஃபோர்டுக்குக் கிளம்பாதீர்கள்; போகும் இடத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். பிறகு ஆசைப்பட்டவற்றை, மழையில் நடப்பவை, நடக்காதவை என்று பிரியுங்கள். மில்ஃபோர்ட் படகு மழையிலும் போகும்; மழை பெய்தால்தான் பாறைச் சுவர்களில் நூற்றுக்கணக்கான திடீர் அருவிகள் இறங்கும். அதை ரத்துசெய்வது முட்டாள்தனம். 1988-இல் கவாராவ் பாலத்தில் தொடங்கிய 43 மீட்டர் பஞ்சி குதிப்புக்கும் தூறல் பொதுவாகத் தடையில்லை. ஹெலிகாப்டர் அப்படியல்ல. ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் பனியாறுகள் சுருங்கிப்போனதால் இப்போது பனிமேல் நடக்க ஹெலிகாப்டர்தான் வழி. மேகம் தாழ்ந்தால் அது எழும்பாது. எனவே பனியாற்றை அங்கே தங்கும் முதல் காலையில் வைத்து, மறுநாள் காலையைக் காலியாக விடுங்கள்.

என் கணக்கு இது: கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு இரவு, பனியாற்றுப் பக்கம் மூன்று, குவீன்ஸ்டவுனில் மூன்று, டி அனாவில் இரண்டு, கடைசி இரவு மறுபடி குவீன்ஸ்டவுன். காலி நாள் வீண் என்பது தவறு. முதல் காலையிலேயே ஹெலிகாப்டர் எழும்பிவிட்டால், மறுநாள் விடியலில் மேதிசன் ஏரியைச் சுற்றி நடக்கலாம். காற்றில்லாத வேளையில் அவோராகி மலை தண்ணீரில் தெரியும். குவீன்ஸ்டவுனிலிருந்தே ஒருநாள் பேருந்தில் மில்ஃபோர்ட் பார்த்துவிடலாமே என்பார்கள். போக மட்டும் 290 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். திரும்பவும் அதே தூரம். டி அனாவில் தங்கினால் 120 கிலோமீட்டர்தான். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனிச்சரிவு அபாயத்தால் அந்தச் சாலையை மூடுவதுண்டு. டி அனாவில் இரண்டு இரவு இருந்தால் அப்போது மறுநாள் கிளம்ப இடம் இருக்கும். காலி நாளை முதலில் ஒதுக்கும் விதிக்கு ஒரு விலக்கு, 53.5 கிலோமீட்டர் மில்ஃபோர்ட் டிராக் என்ற நடைபாதை. அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் குடில் படுக்கைகளை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அவை வேகமாகத் தீரும். அது வேண்டுமென்றால் அந்தத் தேதியை முதலில் பிடித்து, மற்றதைச் சுற்றி அமையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கார் நம் ஊரைப்போலவே இடப்பக்கம் ஓடும். ஆனால் வளைவுகளும் ஒருவழிப் பாலங்களும் அதிகம், வரைபடம் காட்டும் நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். ஊறுகாய், பொடி எதைக் கொண்டுபோனாலும் வருகைப் படிவத்தில் சொல்லிவிடுங்கள்; சொல்லாமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மண் ஒட்டிய காலணியையும் கழுவி வையுங்கள். விபத்துக் காயத்துக்கு அரசுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் கைகொடுக்கிறது. நோய்க்கும் ரத்தான பயணத்துக்கும் இல்லை. ஆகவே காப்பீடு கட்டாயம். முன்பதிவு செய்யும்போது, மேகத்தால் ரத்தானால் பணம் திரும்புமா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவதுக்கு ஆம் என்றாலும், அந்த மறுநாள் உங்களிடம் இருந்தால்தான் பயன்.