விளக்குகள் ஏன் தாளம் தப்புகின்றன?

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகர் என்ற ஊர் இருக்கிறது. ஜகத்தாத்ரி பூசை அங்கே பெரிய திருவிழா. தீபாவளி முடிந்து சில நாட்களில் அது வரும். ஊரெங்கும் விளக்கு அலங்காரம். கடைசி இரவில் லாரிகளில் விளக்குத் தட்டிகள் ஊர்வலம் போகும். பல்புகளால் ஆன மயில் தோகை விரிக்கும். பல்புகளால் ஆன ரயில் ஓடும்.

இந்த வேலை அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. விழா சில இரவுகள்தான். அந்த இரவில் மயிலின் தோகை பாதியில் நின்றால் என்ன ஆகும்? கூலி குறையும். அடுத்த ஆண்டு அழைப்பு வராமலும் போகலாம்.

முன்பு மர உருளையால் விளக்கை ஆட்டினார்கள். உருளையில் தகடுகள் இருக்கும். சிறிய மோட்டார் அதைச் சுற்றும். தகடு தொட்டால் பல்பு எரியும். விலகினால் அணையும். தகடு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது கணினியில் படம் வரைகிறார்கள். அதை மெமரி கார்டில் பதிகிறார்கள். கார்டைக் கண்ட்ரோலர் என்ற சிறு பெட்டியில் போடுகிறார்கள். பெட்டி, ஒயர் வழியாகக் கட்டளைகளை அனுப்பும். முதல் பல்பு தன் கட்டளையை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை அடுத்த பல்புக்குத் தரும். நோட்டீஸ் கட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மீதியைக் கைமாற்றுவது போல.

இதில் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரிசையாகப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

1. ஓர் இடத்துக்குப் பிறகு பல்புகள் கண்டபடி மின்னுகின்றனவா? அங்கே கட்டளை அறுந்திருக்கிறது. கெட்ட முதல் பல்பைப் பாருங்கள். அதற்கு முந்தைய பல்பையும் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில், அல்லது நடுவில் உள்ள ஒயரில் இருக்கும்.

2. தொடக்கம் முதலே எல்லாப் பல்பும் துடிக்கின்றனவா? பெட்டிக்கும் பல்புகளுக்கும் தனித்தனி பவர் சப்ளை இருக்கலாம். பல்புகளுக்குப் போகும் 5 அல்லது 12 வோல்ட் பக்கத்தில், இரண்டின் மைனஸ் ஒயர்களும் இணைந்திருக்க வேண்டும்.

3. ஓட்டம் தடுக்கித் தடுக்கிப் போகிறதா? ஒரே வரிசையில் பல்புகள் அதிகம். விநாடியை 1,000 பங்காக்குங்கள். பல வகை விளக்குகளில் 1,000 பல்புக்குக் கட்டளை போக 30 பங்கு நேரம் ஆகும். 3,000 பல்புக்கு 90 பங்கு. அப்போது விநாடிக்கு 11 படம்தான் காட்ட முடியும். சினிமாவில் 24 படம் ஓடும். எனவே பல்புகளைப் பல வரிசைகளாகப் பிரியுங்கள்.

4. இரண்டு தட்டிகள் ஒன்றாகத் தொடங்கி, பிறகு ஒன்று முந்துகிறதா? இரண்டு பெட்டிகளிலும் வேக எண் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் போதாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடிகாரம் உண்டு. இரண்டு கடிகாரங்கள் ஒருபோதும் சரியாக ஒத்துப்போகா. இணைப்பு வசதி இருந்தால், பெட்டிகளை ஒயரால் இணையுங்கள். ஒரு பெட்டி அடி எடுத்துக் கொடுக்கும். மற்றவை பின்பற்றும். பூசையில் மேளக்காரர்கள் செய்வதும் இதுதான்.

எச்சரிக்கை: ஒயரைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது கை வைக்காதீர்கள். ஒரு இரவின் கூலியைவிட உயிர் பெரிது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஒரு நோட்டு வையுங்கள். பல்பு எத்தனை, வேக எண் என்ன, எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரிந்த தொழிலாளி அடுத்த ஆண்டு முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

பயிற்சி

அ. ஒரு வரிசையில் 2,000 பல்புகள். கட்டளை போக எத்தனை பங்கு நேரம் ஆகும்?

ஆ. உங்கள் ஊர்த் திருவிழாவில் விளக்கு கட்டுபவரிடம் கேளுங்கள். அவர் சந்தித்த ஒரு கோளாறையும், அதைச் சரிசெய்த விதத்தையும் 3 வரியில் எழுதுங்கள்.