குட்டிப் பன்றி குட்டியாகவே இருக்காது

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கு 'மினி பன்றி' வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வங்கியில் கடன் மனு பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: இன்றைய எடையை விடுங்க, மூன்று வருஷம் கழித்து என்ன எடை என்று கேளுங்க.

இப்படி விற்கப்படுபவை பலவும் வியட்நாம் தொப்பைப் பன்றியின் வழிவந்தவை. வளர்ந்து முடிக்க மூன்று ஆண்டுக்கு மேலாகும். 50 கிலோவைத் தாண்டுவது சகஜம். ஆறு மாதத்துக்குள்ளேயே சினை பிடித்துவிடும். ஆகவே விற்பவர் காட்டும் சின்னத் தாய்ப்பன்றியே இன்னும் வளர வேண்டியதாக இருக்கலாம்.

நம்ம வீரபாண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முல்லைப் பெரியாறு பாயும் நெல்வயலில் தண்ணீர் நிற்கும். அதில் கியூலெக்ஸ் கொசு பெருகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் ரத்தத்தில் பெருகி, இந்தக் கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், வேலூர்ப் பக்கம்தான். வளர்ந்த பன்றியிடம் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது, பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

அதனால் வயலை ஒட்டி வீடு இருந்தால் பன்றி வேண்டாம். மேட்டுக்காடு இருந்தால், வீட்டைவிட்டு நன்றாகத் தள்ளிக் கொட்டகை போடுங்க. ஒற்றையாக வளர்க்காதீங்க, ஏங்கிப்போகும். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுங்க. ஓட்டல் எச்சில் வேண்டாம். மண்ணைக் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்னும் வேலையையாவது அது செய்யட்டும்.