தராசு சொல்லாத கனம்

பிக்கிள்பால் மட்டை வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எத்தனை கிராம்? எத்தனை நாள் உழைக்கும்? இரண்டுக்கும் ஒரே விடை இருப்பதாகவும் நினைத்துக்கொள்வார்கள். முன்னாள் மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு எட்டு மட்டைகள் வாங்கப் பணம் தந்தபோது எங்கள் உடற்கல்வி ஆசிரியரும் அதைத்தான் சொன்னார். "சார், கையில எடுத்தா கனமா இருக்கணும். அப்பத்தான் பசங்க அடிக்கிற அடிக்குத் தாங்கும்." பிளஸ் 1 வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருப்பதாகப் பட்டது. தராசில் எவ்வளவு? கையில் எவ்வளவு? எது முதலில் உடையும்? எட்டு மட்டைக்கு மேல் வாங்கப் பணமில்லை என்பதால் மூன்றையும் மாணவர்களோடு சேர்ந்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஓர் அறிமுகம். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சார்டும் அவருடைய நண்பர்களும் பழைய இறகுப்பந்துக் களம் ஒன்றில், மேசைப்பந்து மட்டையையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்துத் தொடங்கிய ஆட்டம் இது. இன்றும் களத்தின் அளவு 44 அடிக்கு 20 அடி, அதாவது இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அளவேதான். வலையை ஓரத்தில் 36 அங்குலமாகவும் நடுவில் 34 அங்குலமாகவும் இறக்கிக் கட்டினால் போதும். களம் இருக்கும் பள்ளிக்குச் செலவு முழுவதும் மட்டையில்தான்.

மட்டையின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. எடைக்கு வரம்பு எதுவும் இல்லை. சந்தையில் பெரும்பாலானவை 200 முதல் 240 கிராம் வரை இருக்கின்றன. இணையத்தில் எடையை அவுன்சில் போடுவார்கள். ஓர் அவுன்சு 28.35 கிராம். '7.8 முதல் 8.2' என்று போட்டிருந்தால் 221 கிராமும் வரலாம், 232 கிராமும் வரலாம். ஒரே பெயரில் வரும் இரண்டு மட்டைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கும்.

முதல் சோதனையைப் பத்தாம் வகுப்பில் செய்தோம். 'இயக்க விதிகள்' பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறனுக்கு இதைவிட எளிய கருவி எனக்குக் கிடைத்ததில்லை. பார்த்துத் தேர்ந்தெடுக்க இரவல் வாங்கிவந்த இரண்டு மட்டைகளை வேதியியல் ஆய்வகத் தராசில் வைத்தோம். முதல் மட்டை 230 கிராம், இரண்டாவது 215 கிராம். பிறகு அவற்றை ஓர் அளவுகோலின் விளிம்பில் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று குறித்தோம். கைப்பிடியின் அடியிலிருந்து அளந்தால் முதல் மட்டை 23 செ.மீ.யில் நின்றது, இரண்டாவது 25 செ.மீ.யில் நின்றது. கை பிடிக்கும் இடத்தை அடியிலிருந்து 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டு பெருக்கச் சொன்னேன். முதல் மட்டைக்கு 230 × 18 = 4140. இரண்டாவதற்கு 215 × 20 = 4300. தராசில் 15 கிராம் குறைவாக இருந்த மட்டைதான் மணிக்கட்டை அதிகமாகக் கீழே இழுக்கிறது.

எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள், ஆனால் வியக்க மாட்டார்கள். அதனால் உடற்கல்வி ஆசிரியரையே வகுப்புக்கு அழைத்தோம். கண்ணைக் கட்டி இரண்டையும் கையில் கொடுத்தோம். மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் சார் கனம்" என்று அவர் நீட்டியது 215 கிராம் மட்டையை. வகுப்பு அன்று அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

இது மட்டையைச் சும்மா நீட்டிப் பிடிக்கும்போது தெரியும் கனம். வீசும்போது தெரிவது இன்னொரு கனம். அதற்குப் பிளஸ் 1 பாடத்தில் வரும் நிலைமத் திருப்புத்திறன் வேண்டும். இங்கே தொலைவு வர்க்கமாக வருவதுதான் விஷயமே. 5 கிராம் களிமண்ணை 40 செ.மீ. நீள மட்டையின் நுனியில் ஒட்டினால், பிடியிலுள்ள அச்சிலிருந்து அதன் தொலைவு 35 செ.மீ. கூடுதல் 0.005 × 35 × 35, அதாவது சுமார் 6.1 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர். அதே களிமண்ணைக் கைப்பிடியின் அடியில் ஒட்டினால் 0.005 × 5 × 5, அதாவது 0.125 மட்டுமே. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளிடம் கண்ணை மூடி வீசச் சொல்லுங்கள், களிமண் எந்த முனையில் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வார்கள்.

அளந்தும் பார்த்தோம். கைப்பிடியின் அடியிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைக் குறுக்காக வைத்து ரப்பர் பேண்டால் இறுகக் கட்டினோம். கம்பியின் இரு முனைகளையும் இரண்டு மேசைகளின் விளிம்பில் தாங்கவைத்து, மட்டையை ஊசல்போல ஆடவிட்டோம். 225 கிராம் எடையுள்ள மட்டை, சமநிலைப் புள்ளி கம்பியிலிருந்து 19 செ.மீ., 20 அலைவுகளுக்கு 20.4 விநாடி. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிறை, ஈர்ப்பு முடுக்கம், இந்த 19 செ.மீ. தொலைவு ஆகியவற்றால் பெருக்கி 39.5ஆல் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன் கிடைக்கும். மீட்டரில் கணக்கிட்டு மாற்றினால் ஏறத்தாழ 110 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர். மட்டைகளை ஆராய்பவர்களும் இதே 5 செ.மீ. அச்சைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மட்டைகள் 100க்கும் 130க்கும் இடையில் வரும். 120ஐத் தாண்டினால் கையில் நல்ல கனமாகத் தெரியும்.

நுனியில் களிமண்ணை ஒட்டி மீண்டும் ஆடவிட்டபோது 20.5 விநாடி வந்தது. "சார், மாறவே இல்லையே!" என்றாள் ஒரு மாணவி. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். சுழல மறுக்கும் தன்மை கூடியதுபோலவே, புவியீர்ப்பு மட்டையை நடுவுக்குத் திருப்பி இழுப்பதும் கூடிவிட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிட்டதால் கடிகாரத்துக்குத் தெரியவில்லை. புதிய நிறையையும் புதிய சமநிலைப் புள்ளியையும் போட்டுக் கணக்கிட்டால் 116 வருகிறது. எடை 2 சதவீதம்தான் கூடியது, வீசும் கனம் 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. வெறும் வாய்ப்பாடாக இருந்த ஒன்று அன்று அவர்களுக்குப் பொருளோடு பதிந்தது.

இந்தக் கனம் எதற்கு என்று கேட்கலாம். துளைப்பந்தின் எடை 22 முதல் 26.5 கிராம். அது வேகமாக வந்து மோதும்போது, வீசும் கனம் அதிகமுள்ள மட்டை பின்வாங்காது. மெதுவாக வீசினாலே பந்து போய்ச் சேரும். ஆனால் வலையின் இருபுறமும் 7 அடிக் கோட்டில் நின்று ஆடும்போது மட்டையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்ப வேண்டும். அங்கே இதே கனம் எதிரி. பன்னிரண்டு வயதுக் கைக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே மட்டை தொங்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கனமான மட்டை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி உழைப்பு. முதல் மட்டைகள் ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டவை. மரமட்டை இன்றும் கிடைக்கிறது, விலையும் குறைவு. எளிதில் உடையாது, ஆனால் 280 கிராமைச் சாதாரணமாகத் தாண்டும். இரவெல்லாம் பனியில் கிடந்தால் பலகை உப்பிப் பிரியும். 1984இல் போயிங் நிறுவனப் பொறியாளர் ஆர்லன் பரான்டோ, விமானத் தரைக்குப் பயன்படும் தேன்கூட்டுத் தகட்டில் மட்டை செய்தார். மெல்லிய அறைகளாலான நடுப்பகுதி, அதன் இருபுறமும் உறுதியான தோல் என்பதே அமைப்பு. நெளி அட்டைப்பெட்டியின் ஒரு துண்டை வெட்டிக் காட்டினால் ஐந்தாம் வகுப்புக்கும் புரியும். இப்போது நடுப்பகுதி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், மேல்தோல் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழை.

இப்படிப்பட்ட மட்டை மூன்று இடங்களில் கெடும். அடிபட்ட இடத்தில் உள்ளறைகள் நசுங்கும், தோல் நடுப்பகுதியிலிருந்து பிரியும், விளிம்புப் பட்டை கழன்று வரும். சிமெண்ட் தரையில் உரசி விளையாடும் நம் பிள்ளைகளிடம் முதலில் போவது விளிம்புதான். தராசில் கூடுதல் கிராம் இருப்பது இவற்றில் எதையும் தடுக்காது. கைப்பிடியின் மேல் இன்னொரு சுற்று கிரிப் சுற்றினால் மட்டையின் எடை கூடும், ஆனால் சமநிலைப் புள்ளி கையை நோக்கி வருவதால் நுனி இலேசாகத் தோன்றும், ஆயுளும் கூடாது. தடித்த விளிம்புப் பட்டை மட்டும் விதிவிலக்கு. அது மட்டையையும் காக்கிறது, அச்சிலிருந்து தொலைவில் இருப்பதால் வீசும் கனத்தையும் கூட்டுகிறது. உடற்கல்வி ஆசிரியர் சொன்னது பாதி சரிதான் என்று அவரிடமே சொன்னேன். "பாதியாவது சரியா சார்!" என்று சிரித்தார்.

கடையில் தராசோ கம்பியோ இல்லாதபோது விரல் போதும். ஒரு விரலின் மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். விரல் மூட்டால் முகப்பு முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமாகவோ சலசலப்பாகவோ மாறினால் வேண்டாம். விளிம்புப் பட்டையை நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

நாங்கள் ஐந்து மட்டைகளை 225 கிராம் அளவில், அகல முகப்பும் தடித்த விளிம்புப் பட்டையும் உள்ளவையாக வாங்கினோம். மூன்றை 210 கிராம் அளவில், சிறிய கைப்பிடியோடு கீழ் வகுப்புகளுக்காக வாங்கினோம். மேல்நிலை மாணவர்கள் கனம் கேட்டால் முகப்பின் இரு பக்க விளிம்புகளிலும் சைக்கிள் டியூப் துண்டை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிக்கொள்கிறார்கள். பந்து ஓரத்தில் பட்டாலும் மட்டை முறுக்கிக்கொள்வது குறைகிறது. இதற்கென விற்கும் ஈய நாடாவைப் பள்ளிக்குள் விடவில்லை. ஈயம் பிள்ளைகள் கைபடும் பொருளாக இருக்கக் கூடாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டைகூடத் தேவையில்லை. நீளக் கைப்பிடியுள்ள துடைப்பத்தை விரலில் கிடத்திச் சமநிலைப் புள்ளியில் சாக்பீசால் கோடு போடுங்கள். கோட்டில் வெட்டினால் எந்தத் துண்டு அதிக எடை இருக்கும் என்று கேளுங்கள். சமமாக நின்றதால் இரண்டும் சமம் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். பழைய துடைப்பமாக இருந்தால் வெட்டியே காட்டிவிடலாம். துடைப்பப் பக்கம்தான் அதிக எடை.

எட்டு மட்டைகளுக்கும் எண் ஒட்டி, எடை, சமநிலைப் புள்ளி, தட்டும் ஒலி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவருகிறோம். தகரக் கூரை போட்ட விளையாட்டு அறையின் வெயில் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் ஆகாது என்பதால் மட்டைகள் இயற்பியல் ஆய்வகத்தில் தொங்குகின்றன. 4ஆம் எண் மட்டையின் நடுவில் ஒலி மாறியிருப்பதைச் சென்ற மாதம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டிப் பார்த்துச் சொன்னாள். அதை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். அடுத்த வாரம் ரம்பத்தால் குறுக்கே அறுத்து, நசுங்கிய அறைகளை எண்ணப்போகிறோம்.