கோதுமை அப்பமும் கோதுமை ஒவ்வாதோரும்

நற்கருணை உட்கொள்வதைக் குறித்துக் கத்தோலிக்கரிடையே வழங்கும் நம்பிக்கைகளுள் மிகவும் அபாயகரமானது, குருவானவர் பூசையில் வசீகரம் (அர்ச்சிப்பு) செய்தபின் அப்பம் கிறிஸ்துநாதரின் திருச்சரீரமாகிவிடுவதால், அதிலுள்ள கோதுமை எந்த நோயாளிக்கும் தீங்கிழைக்காது என்பதேயாகும். பக்தி மிகுதியால் பிறந்ததாயினும் இது திருச்சபையின் போதனையன்று. மாறுவது உட்பொருளே, நிறம், ருசி, உடலைப் போஷிக்கும் சக்தி ஆகிய குணங்கள் முன்போலவே நிலைத்திருக்கும் என்று கொண்ட 13-ஆம் நூற்றாண்டு வேதசாஸ்திரியாராகிய அர்ச். தோமா அக்குவினாஸ், வசீகரம் செய்த இரசமும் மிகுதியாய்ப் பருகினால் மயக்கம் தரவல்லது என்பதைக் கூசாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே, குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம், அது ஒவ்வாத சீலியாக் நோயாளியின் சிறுகுடலை வசீகரத்திற்கு முன்னும் பின்னும் ஒரே விதமாகவே தாக்கும்.

அவ்வாறாயின் அரிசியிலோ சோளத்திலோ, பூசைக்குரிய அப்பமாகிய ஓஸ்தியைச் சுடலாகாதா என்பார் உளர். ஆகாது, கோதுமையன்றி வேறு தானியத்தாலான அப்பத்தையும், குளூட்டன் அறவே நீக்கப்பட்ட அப்பத்தையும் திருச்சபை ஏற்பதில்லை. 2017-இல் ரோமாபுரி இதை நினைவூட்டியபோது புதிய தடை பிறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் முழங்கின. ஆனால் அவ்விதி, 2003-இல், பின்னாளில் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்ட கடிதத்திலேயே இருந்தது. அப்பமாகத் திரள்வதற்கு வேண்டிய அளவு குளூட்டன் இருந்தால் போதும் என்று அக்கடிதமே இடங்கொடுத்ததையும் (முழங்கியவர்கள் அதுவரை படிக்கவில்லை போலும்), அமெரிக்க மிசௌரி மாநிலத்துக் கிளைட் என்னும் ஊரின் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நெடுங்காலம் முயன்று, 0.01 சதவீதமே குளூட்டனுள்ள ஓஸ்தியை ஆக்கியளித்ததையும் அறிந்தோர் சிலரே.

அதுவும் ஒவ்வாதோர் இரசத்தை மட்டும் அருந்தலாம். இதைப் பாதி நற்கருணையென எண்ணி மனம் நோவது வீண். அப்பம், இரசம் ஆகிய ஒவ்வொன்றிலும் கிறிஸ்துநாதர் முழுமையாய் எழுந்தருளியிருக்கிறார் என்பது 1562-இல் திரெந்துச் சங்கம் உறுதிப்படுத்திய போதனை. மது விலக்க வேண்டிய விசுவாசிக்கு இவ்வாறே அப்பம் மட்டும் போதும். குருவாயின், மேற்றிராணியாரின் அனுமதியோடு, புளிப்பு முற்றாத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம்.

பூசை நிறைவேற்றும் குருவின் பாத்திரத்தில் ஓஸ்தியின் துணுக்கொன்று இடப்படுகிறது. ஆதலால், இரசத்தை மட்டும் அருந்தும் சீலியாக் நோயுடையோர் வெட்கப்படாமல், பூசை தொடங்குமுன்பே பங்குக்குருவிடம் தெரிவித்து, துணுக்குக் கலவாத தனிப் பாத்திரமொன்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.