காசு குறைந்த மாதத்திலும் ஒரே பந்தி

துவையல் என்றதும் பலருக்கும் தேங்காய்த் துவையல்தான் நினைவுக்கு வரும். அய்யா நடத்திய துவையல் தவசோ துணியைத் துவைத்து உடுத்திய தவசு. ஆனாலும் அதில் நம் அடுக்களைக்கும் ஒரு பாடம் உண்டு.

அய்யா வைகுண்டர் 1839இல் சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து விடுதலையானார். அதன்பின் 700 குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பினார். திருவிதாங்கூர் ஆட்சியில் தலைவரியாலும் ஊழியத்தாலும் நொந்துபோன ஏழை மக்கள் அவர்கள். அங்கே தினமும் மூன்று வேளை குளித்தார்கள். மூன்று வேளை துணி துவைத்தார்கள். பச்சரிசியையும் சிறுபயறையும் கடல்நீரில் வேகவைத்து ஒருவேளை உண்டார்கள்.

அந்த உணவைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. அது பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றது தீர்க்கிறது. 100 கிராம் சிறுபயறில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. ஏழையின் கஞ்சி என்று அதை இகழ்வதற்கு இடமே இல்லை.

இப்போது பொத்தேரிக்கு வருவோம். குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகவும் பிள்ளைகள் படிப்புக்காகவும் வந்து ஜி.எஸ்.டி. சாலையோரம் குடியிருக்கிறோம். வாடகையும் கட்டணமும் போனபின் மாதக் கடைசியில் கை வறண்டுவிடும். அப்போது கடைச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்கத் தேவையில்லை. ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. ஊரில் எடுத்த அட்டை கையில் இருந்தால் பக்கத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

செய்முறை எளிது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சிறுபயறு. பயறைக் காலையிலேயே ஊறப்போட்டால் சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம். குக்கரில் இரண்டையும் குழைய வேகவிட்டு உப்புப் போடுங்கள். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல் போதும். கிடைத்த அன்று ஒரு பிடி முருங்கைக்கீரையும் சேர்க்கலாம்.

இனி முக்கியமான பாடம். தவசிருந்தவர்களைத் துவையல் பந்தி என்கிறோம். பந்தி என்றால் எல்லாருக்கும் ஒரே உணவு, ஒரே வரிசை. முத்திரிக் கிணற்றடியில் பல சாதி மக்களையும் ஒன்றாக உண்ணச் செய்தவர் அய்யா. ஆனால் நம் வீடுகளில் பணமுடை வந்தால் முதலில் காலியாவது அம்மாவின் தட்டுதான். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்று சட்டியைக் கழுவிவைப்பாள். தெருவில் சமத்துவம் பேசிவிட்டு அடுக்களையில் இதைக் கண்டும் காணாமல் இருப்பது அய்யா காட்டிய வழியாகுமா?

அவள் ஒருவேளையோடு நிறுத்துவதைத் தவசு என்று புகழவும் வேண்டாம். தவசு, மனமறிந்து எல்லாரும் சேர்ந்து ஏற்றது. ஒருத்தி மட்டும் ஒளித்துச் சுமப்பது பட்டினி. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் உழைப்பவர்களும் வேளை தவறாமல் உண்ண வேண்டும். காணிக்கை வேண்டாம் என்ற அய்யா, தாய் பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்கும் காசையா கேட்பார்?

இந்த வாரம் ஒன்று செய்வோம். இரவில் எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக வைத்து, சட்டியில் இருப்பதைச் சமமாகப் பங்கிட்டு, சமைத்தவளும் கூடவே உட்காரட்டும். பக்கத்து வீட்டில் அடுப்பெரியவில்லை என்று தெரிந்தால் கஞ்சியில் இன்னும் இரண்டு குவளை தண்ணீர் விட்டு அவர்களையும் பந்திக்கு அழைப்போம். தாங்கலில் உண்ணும் தர்மம் வீட்டிலும் தொடரட்டும்.

அய்யா உண்டு.