முதுகில் கசியும் மருந்து டாங்கி



கடந்த போகத்தில் வயலோரம் ஒரு தம்பி மருந்தடித்துக்கொண்டு நின்றார். சேர்ட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. "வேர்வை ஐயா" என்றார். கிட்டப் போனதும் மருந்து மணம் அடித்தது. டாங்கியை இறக்கிப் பார்த்தால், மூடியிலிருந்து கீழே ஒழுகின தடம். அன்று பின்னேரம் அவருக்குத் தலையிடியும் சத்தியும்.

மருந்து வாயால் மட்டும்தான் உடம்புக்குள் போகும் என்று பலர் நினைக்கிறோம். மருந்தடிக்கிறவருக்கு அது பெரும்பாலும் தோலாலேதான் போகிறது. ஆகவே டாங்கி கசிவது சின்ன விஷயமல்ல.

மருந்து கலக்க முன்னர் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பாதி டாங்கி நல்ல தண்ணீர் விட்டு, காய்ந்த சாக்கின் மேல் வைத்துப் பம்ப் அடியுங்கள். சற்றுச் சரித்தும் பாருங்கள். எங்கே நனைகிறதோ அங்கேதான் பிழை. எதையும் கழற்றுமுன் விசையை அமத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

1. மூடியில் கசிந்தால்: உள்ளிருக்கும் றப்பர் வளையம் வெடித்திருக்கும், அல்லது காற்றுத் துவாரத்தின் வால்வில் அழுக்கு இருக்கும். கழுவுங்கள், வெடித்த வளையத்தை மாற்றுங்கள். அளவுக் கோட்டுக்கு மேல் நிரப்பினாலும் குனியும்போது தளம்பி வழியும்.

2. பம்ப் பக்கம் கசிந்தால்: உள்ளே கிண்ணம் போன்ற வாசர் தேய்ந்திருக்கும். தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருந்தால் எண்ணெயில் ஊறவைக்கலாம். பிளாஸ்டிக் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

3. குழாய்ப் பூட்டில் கசிந்தால்: கிளிப்பை இறுக்குங்கள். நுனி வெடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

4. விசையை விட்ட பின்னும் நுனியில் சொட்டினால்: விசைக்குள் இருக்கும் வளையத்தில் மண் சிக்கியிருக்கும், அல்லது அது தேய்ந்திருக்கும். நொசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது. கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். தண்ணீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் எடுங்கள்.

5. டாங்கியே வெடித்திருந்தால்: சவர்க்காரம் பூசியோ பிளாஸ்டிக்கை உருக்கியோ ஒட்டாதீர்கள். அதை ஒதுக்கிவிடுங்கள்.

மருந்து உடம்பில் பட்டால் "வேலை முடியட்டும்" என்று நிற்க வேண்டாம். நனைந்த உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தலையிடி, சத்தி, வாய்நீர் வடிதல், மூச்சு முட்டல் கண்டால் 1990 அம்புலன்சை அழையுங்கள். போத்தலின் லேபலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இலங்கையில் 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பனவும், 1998 இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரையில் பரகுவட், டைமெதோயேட், பெந்தியோன் ஆகியவையும் நிறுத்தப்பட்டன. அதற்காக இன்று கடையில் இருப்பது வெறும் தண்ணீர் என்று எண்ண வேண்டாம்.

வேலை முடிந்ததும் டாங்கியை 3 தரம் அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த நிலத்திலேயே தெளியுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். அதே தண்ணீரில்தான் எங்கள் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

ஒரு வாசரின் விலை ஒரு நாள் கூலியிலும் குறைவு. கசிகிற டாங்கியை யார் தந்தாலும் "திருத்தித் தாருங்கள், பிறகு அடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவல்ல.