கடைப் பாக்கியும் செல்போன் வரவும்: கணக்குத் தவறாமல் காக்கும் முறை

காவிரிக் கரையிலுள்ள மோகனூர் வட்டாரத்தில் கரும்பு, வாழை, வெற்றிலை, கோரை முதலியவை சாகுபடி செய்யப்படுகின்றன. கரும்பு வெட்டுக்கு வர 10 முதல் 12 மாதங்கள் ஆகும். மோகனூரிலுள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்பிய பிறகுதான் விவசாயிக்கு மொத்தமாகப் பணம் வரும். உரம், களைக்கொல்லி, மாட்டுத் தீவனம், மளிகை ஆகியவற்றின் தேவை அதுவரை காத்திராது. எனவே உரக்கடையிலும் தீவனக் கடையிலும் மளிகைக் கடையிலும் பாக்கி வைத்து வாங்கி, பணம் வரும்போது கொடுத்துத் தீர்ப்பது நெடுங்கால வழக்கம்.

முன்பெல்லாம் இந்தப் பாக்கி கடைக்காரரின் பற்று நோட்டில் மட்டும் இருந்தது. விவசாயி கடைக்குப் போய்ப் பணம் கொடுப்பார். அவர் கண்ணெதிரிலேயே வரவு எழுதப்படும். 2016-ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை வந்தபின் நிலைமை மாறிவிட்டது. தோட்டத்தில் இருந்தபடியே போன்பே, கூகுள் பே, பீம் ஆகியவற்றில் ஒன்றின் மூலம் பணம் அனுப்பிவிடலாம். பணம் உடனே போய்ச் சேருகிறது. ஆனால் நோட்டில் வரவு ஏறிற்றா என்பதை யாரும் பார்ப்பதில்லை. 2,000 ரூபாய் வரவு ஒன்று விடுபட்டால், அதை விவசாயி இரண்டாம் முறையும் கொடுக்க நேரிடும்.

போன் எதைக் காட்டும்?

செல்போன் கணக்கில் தெரிவது கொடுத்த பணமும் வந்த பணமும் மட்டுமே. கடனுக்கு வாங்கிய சரக்கு அதில் ஏறாது. ஆகவே பாக்கி எவ்வளவு என்பதை அது சொல்லாது. கடைக்காரரின் நோட்டிலோ சரக்கும் பாக்கியும் இருக்கும். அவர் எழுதினால்தான் போன் வரவு அதில் ஏறும். இந்த இரண்டையும் இணைக்கும் மூன்றாவது கணக்கு ஒன்று விவசாயியின் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும்.

தவறு நேரும் இடங்கள்

1. கடையில் உள்ள ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லும். யார் கொடுத்தது, எந்தப் பாக்கிக்கு என்று சொல்லாது. கூட்டமான நேரத்தில் அதைக் கேட்டுவிட்டு எழுத மறந்துவிடுவது இயல்பு.

2. விவசாயியின் மகனோ மருமகளோ திருப்பூரிலிருந்து பணம் அனுப்பினால், கடைக்காரரின் போனில் அனுப்பியவர் பெயர்தான் வரும். அது யாருடைய வரவு என்று அவருக்குத் தெரியாமல் போகலாம்.

3. கடையின் கியூ.ஆர். அட்டை கடைக்காரரின் மனைவி அல்லது மகன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கலாம். நோட்டு எழுதுபவர் ஒருவர், பணம் பெறுபவர் வேறொருவர் என்றால் வரவு விடுபடும்.

4. பணம் அனுப்பும்போது 'நிலுவையில் உள்ளது' என்று வந்தால், சிலர் அவசரப்பட்டு மறுபடியும் அனுப்பிவிடுகின்றனர். பிறகு இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். நோட்டில் ஒன்றுதான் ஏறியிருக்கும்.

நோட்டு எழுதும் முறை

ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் நாள், விவரம், பற்று, வரவு, பாக்கி என்று ஐந்து பத்திகள் போட வேண்டும். வாங்கிய சரக்கின் விலை பற்றுப் பத்தியிலும், கொடுத்த பணம் வரவுப் பத்தியிலும் எழுதப்பட வேண்டும். போன் வழியாகக் கொடுத்திருந்தால், யாருடைய போன் என்பதையும், 12 இலக்கப் பரிமாற்ற எண்ணின் கடைசி 4 எண்களையும் விவரத்தில் குறித்துக் கொள்ள வேண்டும். கீழ்க்காணும் எடுத்துக்காட்டைக் கவனிக்கவும். விலைகள் விளக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டவை.

ஜூன் 5: முன் பாக்கி. பாக்கி ரூ. 2,400.
ஜூன் 9: மாட்டுத் தீவனம் 1 மூட்டை. பற்று ரூ. 1,350. பாக்கி ரூ. 3,750.
ஜூன் 14: மகன் போன் மூலம், கடைசி எண் 4471. வரவு ரூ. 2,000. பாக்கி ரூ. 1,750.
ஜூன் 20: தாது உப்புக் கலவை, புண்ணாக்கு. பற்று ரூ. 620. பாக்கி ரூ. 2,370.
ஜூன் 28: ரொக்கம். வரவு ரூ. 500. பாக்கி ரூ. 1,870.

மாத முடிவில் கடைக்காரர் பாக்கி 3,870 ரூபாய் என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். வித்தியாசம் சரியாக 2,000 ரூபாய். ஜூன் 14 வரவு விடுபட்டிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பரிமாற்ற எண்ணைக் காட்டினால் கடைக்காரரும் தம் போனில் தேடிப் பார்த்துத் திருத்திக் கொள்வார். ஆறு மாதம் கழித்து, கரும்புப் பணம் வந்த அன்று கணக்குப் பார்த்தால் இது எளிதில் முடியாது, மனக்கசப்பே மிஞ்சும்.

பணம் அனுப்பிய அன்றே கடைக்காரரிடம், "அண்ணா, ரெண்டாயிரம் அனுப்பியிருக்கேன், பழைய பாக்கியில வரவு வெச்சுருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மாதம் ஒரு முறை இரு நோட்டுகளையும் ஒப்பிட்டு, பாக்கித் தொகையின் கீழ் இருவரும் கையெழுத்திட வேண்டும். கூட்டிப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. எழுத்து மூலமான கையெழுத்து, கடனை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும்.

சில கடைகளில் காத்தாபுக், ஓகேகிரெடிட் போன்ற செல்போன் பற்றுக் கணக்குகள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் பற்று எழுதியவுடன் வாடிக்கையாளரின் போனுக்குச் செய்தி வரும்படி செய்யலாம். அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. இருப்பினும் அதில் எழுதுபவரும் கடைக்காரரே என்பதால் வீட்டு நோட்டு அவசியம்.

எந்தக் கடனுக்கு வரவு?

ஒரே கடையில் சென்ற ஆண்டுப் பாக்கியும், இந்த ஆண்டு உரப் பாக்கியும் தனித்தனியே இருக்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பணம் கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், அதைப் பெற்றுக் கொண்டவர் அந்தக் கடனுக்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், தமக்கு வரவேண்டிய எந்தக் கடனுக்கும் அவர் வரவு வைத்துக் கொள்ளலாம். ஒரு பாக்கிக்கு வட்டி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்றால் இதனால் பெரும் வேறுபாடு ஏற்படும். செல்போனில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. அதில் 'ஜூன் தீவனம்' அல்லது 'பழைய உரப் பாக்கி' என்று எழுதி அனுப்பினால், அதுவே சான்றாக நிற்கும்.

கடைக்காரரின் நோட்டும் தனியாக முடிவான சான்று ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டப்படி, முறையாக எழுதப்பட்ட கணக்குப் புத்தகம் சான்றாக ஏற்கப்படும். ஆனால் அதை மட்டும் கொண்டு ஒருவர் மீது கடன் பொறுப்பைச் சுமத்த முடியாது. இருவரின் நோட்டும் ஒத்திருந்தால் இந்த வழக்கெல்லாம் வராது.

பணம் போய்ச் சேராவிட்டால்

வங்கிக் கணக்கில் பணம் குறைந்து, கடைக்குப் போய்ச் சேராமல் இருந்தால் மறுபடி அனுப்ப அவசரப்படக் கூடாது. ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, ஒருவர் மற்றவருக்கு அனுப்பிச் சேராத யு.பி.ஐ. பணம் மறுநாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். கடைக்குரிய கணக்குக்கு அனுப்பிய பணமானால் 5 நாள்கள் வரை ஆகலாம். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. பரிமாற்ற எண்ணுடன் வங்கிக் கிளையில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பில்லும் கடன் விலையும்

1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உரம் ரொக்கத்துக்கு விற்றாலும் கடனுக்கு விற்றாலும் விற்பனையாளர் ரசீது கொடுக்க வேண்டும். யூரியா மூட்டைக்கு நிர்ணயித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. கடன் என்பதற்காக அந்த வரம்பு மாறாது. பில்லை நோட்டின் அதே பக்கத்தில் ஒட்டி வைத்தல் நலம்.

மற்றப் பொருள்களில் ரொக்க விலை ஒன்றும் கடன் விலை ஒன்றும் இருக்கலாம். ரொக்கத்துக்கு 1,000 ரூபாயும், நான்கு மாதக் கடனுக்கு 1,060 ரூபாயும் என்றால், 100-க்கு மாதம் 1.50 ரூபாய் வட்டி ஆகிறது. ஆண்டுக்கு இது 18 சதவீதம். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டி இல்லை. இரண்டு விலைகளையும் நோட்டில் எழுதி வந்தால், எந்தச் சரக்குக்குக் கடையில் பாக்கி வைக்கலாம், எதற்குச் சங்கக் கடன் வாங்க வேண்டும் என்பது விளங்கும்.

விற்பவராக இருந்தால்

வீடுகளுக்குப் பால் ஊற்றும் விவசாயிக்கும், ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கும் இதே முறை பொருந்தும். ஒலிப்பெட்டி சத்தம் கேட்டவுடன், அடுத்தவருக்குச் சரக்கு கொடுக்கும் முன் பெயரைக் கேட்டு வரவு எழுதிவிட வேண்டும். இரவில் கடை அடைக்கும் முன், போனில் அன்று வந்த மொத்தத் தொகையையும் நோட்டில் எழுதிய போன் வரவுகளையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாக ஒருவர் தம் போனின் படத்தைக் காட்டினால் அதை மட்டும் நம்பக் கூடாது. தம் கணக்கில் வந்ததா என்று பார்க்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் மோசடிக்காரர். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கையில் பணமில்லாத மாதங்களில் பயிருக்கும் மாட்டுக்கும் வேண்டியதைக் கொடுத்து உதவுவது ஊர்க் கடைதான். அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால், வாங்கிய அன்றே பற்றும், கொடுத்த அன்றே வரவும் எழுதி, மாதம் ஒரு முறை ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை விவசாயிகள் இந்த மாதமே தொடங்குவது நல்லது. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நோட்டு எழுதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.